ஒன்பதாம் பிரிவைக் கேட்கப் போனவள்

சின்னவள் ஒரு சட்டையைக் கையில் வாங்கினால், கறை எங்கே என்று தேடுவதற்கு முன்னால் அதை உள்பக்கமாகப் புரட்டுவாள். இடது பக்கத் தையலில், அக்குளுக்கு நாலு விரல் கீழே, இரண்டு நிறத்தில் இரண்டு சிறிய நூல் தையல்கள் இருக்கும். அவளே போட்டவை. சிவப்பும் நீலமும் என்றால் கணக்கு வாத்தியார் வீடு. பச்சையும் மஞ்சளும் என்றால் பல் டாக்டரம்மா வீடு. ஊதாவும் வெள்ளையும் என்றால் மாடி வீட்டு இரட்டைப் பிள்ளைகள். அவர்களில் யாருடைய சட்டை எது என்று தெரிய ஒருவனுக்கு மட்டும் கூடுதலாக ஒரு முடிச்சு. நூற்றுப் பதினெட்டு வீடுகள், நூற்றுப் பதினெட்டு ஜோடி நிறங்கள். எல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதியிருக்கும்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினோரு வருஷம் வேலை பார்த்தபோது கைக்கு வந்த பழக்கம் அது. கொதிக்கிற தண்ணீரில் மை கரைந்து போகும், காகிதச் சீட்டு கூழாகிவிடும், நூல் மட்டும் நிற்கும். அங்கே ஒரு நாளைக்கு முந்நூறு படுக்கைத் துணி துவைத்தும் யாருடைய போர்வையும் யாருக்கும் மாறிப் போனதில்லை. அதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் தலை நிமிரும். நிமிரட்டும், அதில் தப்பில்லை.

வீட்டில் இரண்டே பெண்கள். மூத்தவள் பெரியவள், இளையவள் சின்னவள். சின்னவளுக்கு நாற்பத்து மூன்று வயது முடிந்து முன்நெற்றியில் நரையும் வந்துவிட்டது. கூப்பிடும் பெயர் மட்டும் வளரவே இல்லை. அவள் புருஷன் சரக்கு லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வழியில் இருப்பார். ஆகவே கடை என்பது இரண்டு அக்கா தங்கைகளின் கடைதான். சின்னவள் துவைப்பாள், பெரியவள் இஸ்திரி போடுவாள். இரண்டு பேரும் எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனால் எதைப் படித்தாலும் அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து, ஒரு வரி விடாமல் படிப்பார்கள்.

கம்பெனியின் ஒப்பந்தத்தையும் அப்படித்தான் படித்தார்கள். நாற்பத்திரண்டு பக்கம். ஊர் ஊராகச் சலவைக் கடை வைத்திருந்த பெரிய கம்பெனி அது. கடை நம்முடையது, பெயர்ப்பலகையும் இயந்திரங்களும் சோப்புத் தூளும் அவர்களுடையவை, வருமானத்தில் அவர்களுக்கு ஒரு பங்கு. ஃபிரான்சைஸ் என்று அதற்குப் பெயர். ஒப்பந்தத்தைக் கொண்டு வந்தவர் வட்டார மேலாளர். இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தவர், பேச்சில் கற்கண்டு. கையெழுத்துக்காகப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று சாயங்காலம் காத்திருந்தார். சின்னவள் முப்பத்தோராம் பிரிவைத் தாண்டாமல் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டாள்.

ஒன்பதாம் பிரிவு சொன்னது: கடையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் கம்பெனி வேறு கடை திறக்காது, வேறு யார் மூலமும் துணி வாங்காது. முப்பத்தோராம் பிரிவு சொன்னது: ஒப்பந்தம் முறிந்தால் ஐந்து வருஷத்துக்கு அதே இரண்டு கிலோமீட்டருக்குள் சின்னவள் சலவைத் தொழில் செய்யக் கூடாது. இந்த முப்பத்தோராம் பிரிவைப் படித்ததும் அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள். இந்தத் தெருவில்தான் வீடு, இந்தத் தெருவில்தான் கடை, கைக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். அதைச் செய்யாமல் ஐந்து வருஷம் என்ன செய்வது?

மேலாளர் சிரித்தார்.

“ரெண்டும் ஒரே கயிறுதான், தங்கச்சி. ஒரு முனை உன் இடுப்பில, மறு முனை எங்க இடுப்பில. நாங்க ஒன்பதை மீறினா, உன்னை முப்பத்தொண்ணு எப்படிக் கட்டும்?”

தங்கச்சி என்று அவர் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. சின்னவளுக்கு அண்ணன் இல்லை. கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த நாலு வருஷமும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேலாளர் மாதம் இரண்டு தடவை வருவார், இஸ்திரி மேசை ஓரத்தில் உட்கார்ந்து டீ குடிப்பார், பெரியவள் மடிக்கிற சட்டைகளைப் பார்த்து, “இந்த மடிப்பில விரலை வெட்டிக்கலாம் போல இருக்கே” என்பார். அவர் அப்பா இறந்த வாரத்தில் வீட்டுத் துணி முழுவதையும் சின்னவளே போய் எடுத்து வந்து துவைத்துக் கொடுத்தாள். அதிலிருந்து அண்ணன் வீட்டுத் துணிக்குக் காசு வாங்குவதில்லை என்று வழக்கமாகிவிட்டது. கம்பெனிச் சட்டப்படி துணியில் பார்கோடு சீட்டு மட்டுமே இருக்க வேண்டும், வேறு எந்த அடையாளமும் கூடாது. அவள் நூல் போடுவது மேலாளருக்குத் தெரியும். ஒரு தடவை தலைமையகத்திலிருந்து சோதனைக்கு ஆள் வந்தபோது, அவரே சட்டைகளை வெளிப்பக்கமாகத் திருப்பி அடுக்கச் சொல்லிவிட்டு, “நான் எதையும் பார்க்கலை” என்று கண்ணைச் சிமிட்டினார்.

ஐந்தாம் வருஷம் வீடுகள் குறையத் தொடங்கின. முதலில் மாடி வீட்டு இரட்டையர், பிறகு பல் டாக்டரம்மா. மழைக்காலம் முடிவதற்குள் நூற்றுப் பதினெட்டு அறுபதுக்கு இறங்கிவிட்டது. யாராவது சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால் காரணமாவது தெரிந்திருக்கும். சத்தமில்லாமல் போனார்கள். சின்னவள் தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். சோப்பு அதிகமா, வாசனை பிடிக்கவில்லையா, பெரியவளின் இஸ்திரி சூடு கூடிவிட்டதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தாள். அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு நாலு நாள் பேசாமல்கூட இருந்தார்கள்.

மேலாளரிடம் சொன்னபோது அவர் வருத்தப்பட்டார். வேலை குறைந்தால் இயந்திரம் துருப்பிடிக்கும், மற்றக் கிளைகளில் மிஞ்சுகிற துணியை அனுப்புகிறேன், பாதிக் கூலிதான் கிடைக்கும் என்றாலும் சும்மா இருப்பதற்கு அது மேல் என்றார். அடுத்த வாரத்திலிருந்து வேனில் நீல மூட்டைகள் வந்து இறங்கின. சின்னவள் அவரை வாழ்த்திக்கொண்டே துவைத்தாள்.

மூன்றாவது மூட்டையோ நாலாவதோ, ஒரு சாம்பல் நிறச் சட்டையைப் பழக்கத்தில் புரட்டினாள். சிவப்பும் நீலமும்.

கணக்கு வாத்தியார் ஊர் மாறிவிட்டார் போலிருக்கிறது, எங்கே போனாலும் நம் கம்பெனிக்கே போடுகிறாரே என்று அவளுக்குச் சந்தோஷம்கூட வந்தது. தேதியைப் போட்டு நீள நோட்டில் எழுதி வைத்தாள். அடுத்த மூட்டையில் பச்சையும் மஞ்சளும். அதையும் எழுதினாள். ஊதாவும் வெள்ளையும் வந்தது, முடிச்சோடும் முடிச்சில்லாமலும். எல்லாரும் எப்படி ஒரே சமயத்தில் ஊர் மாறுவார்கள் என்ற கேள்வி வர அவளுக்கு இருபத்திரண்டு நாள் ஆனது. நம்பினவளுக்கு அவ்வளவு நாள் ஆகத்தான் செய்யும்.

இருபத்து மூன்றாம் நாள் கணக்கு வாத்தியாரையே தெருவில் பார்த்தாள். எங்கேயும் போகவில்லை, அதே வீட்டில்தான் இருந்தார். துணி எங்கே போடுகிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் வெள்ளந்தியாகச் சொன்னார்.

“உன் கடையிலதானே போடறேன்? அந்த சூப்பர் மார்க்கெட் வாசல்ல வச்சிருக்கியே, கவுண்டர். அங்க விலையும் குறைவு. வீட்டுக்கு வந்து எடுத்துட்டும் போறாங்க. நீ இவ்வளவு பெரிய ஆளாயிட்டேன்னு என் சம்சாரத்துக்கிட்ட சொல்லிட்டிருந்தேன்.”

சூப்பர் மார்க்கெட் கடையிலிருந்து எழுநூறு மீட்டர். சின்னவள் நேராக அங்கே போனாள். தள்ளுவண்டிகள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மேசை, அதே பெயர்ப்பலகை, அதே நீலப் பை. தன் வாடிக்கையாளர்களின் துணி அந்த மேசை வழியாகக் கம்பெனிக்குப் போய், வேனில் சுற்றி, பாதிக் கூலிக்குத் தன்னிடமே வந்து கொண்டிருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. வந்திருந்த நீல மூட்டையைத் திறக்காமல் வாசலில் வைத்தாள், அவ்வளவுதான்.

மேலாளர் போனில் நிதானமாகப் பேசினார். அது கடை இல்லை, பெட்டி. துணி வாங்கி வைக்கிற பெட்டியை யாராவது கடை என்பார்களா? மேலிடத்து முடிவு, தனக்கே பிறகுதான் தெரியும். எப்படியும் துணி அவளிடம்தானே வருகிறது? சின்னவள் ஒன்பதாம் பிரிவை வாசித்துக் காட்டினாள். “வேறு யார் மூலமும் துணி வாங்காது” என்ற வரியை இரண்டு தடவை வாசித்தாள். அவர், கூட்டம் இருக்கிறது, பிறகு கூப்பிடுகிறேன் என்றார். கூப்பிடவில்லை. பத்து நாளில் கம்பெனிக் கடிதம்தான் வந்தது: மூட்டைகளைத் துவைக்க மறுத்ததால் ஒப்பந்தம் ரத்து, இயந்திரங்கள் திரும்ப எடுக்கப்படும், முப்பத்தோராம் பிரிவு இன்றிலிருந்து அமலுக்கு வருகிறது.

அவர் சொன்ன கயிற்றின் ஒரு முனை மட்டும் மிச்சம்.

இரண்டு வக்கீல்களிடம் போனார்கள். முதலாமவர், கம்பெனியோடு மோதினால் எட்டு வருஷம் ஆகும், சமாதானமாகப் போய் வேறு தொழில் பாருங்கள் என்றார். இரண்டாமவர் ஒப்பந்தத்தை வாங்கி மூன்று வாரம் வைத்திருந்து, நாற்பத்திரண்டு பக்கத்தில் ஒன்றைக்கூடத் திறக்காமல் திருப்பிக் கொடுத்தார். திறந்திருந்தால் பக்கங்களுக்கு நடுவில் பெரியவள் வைத்திருந்த நூல் துண்டுகள் விழுந்திருக்கும், எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன. வெளியே வந்ததும் பெரியவள் சொன்னாள்: “இதைப் படிச்சவ ஊர்லயே நீ ஒருத்திதான். நீயே பேசிடு.”

சின்னவள் பயந்தாள். ஆனால் ஐந்து வருஷம் வீட்டில் உட்கார்ந்து மற்றவர்கள் துவைத்த துணி கொடியில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது அதைவிடப் பயமாக இருந்தது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. கம்பெனிதான் முதலில் ஒப்பந்தத்தை மீறியது, ஆகையால் முப்பத்தோராம் பிரிவு என்னைக் கட்டாது, என் தெருவில் என் தொழிலை நான் செய்யலாம் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டும். நஷ்டஈடு என்று ஒரு வரி சேர்க்கலாம் என்று நீதிமன்ற எழுத்தர் சொன்னதால் அதையும் சேர்த்தாள்.

அந்த எழுத்தருக்கு அக்காளும் தங்கையும் ‘ஓரம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மனுவை முதல் தடவை, ஓரத்தில் போதிய இடம் விடவில்லை என்று திருப்பினார். இரண்டாவது தடவை பக்க எண் மேலே இருக்கிறது, கீழே வேண்டும் என்றார். மூன்றாவது தடவை நகல் போதாது. நாலாவது தடவை பெரியவள் அடிமட்டத்தோடேயே போய், ஓரத்தை அவர் கண் முன்னால் அளந்து காட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, யார் எழுதியது என்று கேட்டார். நாங்கள்தான் என்றதும், “பரவாயில்லையே, அச்சடிச்ச மாதிரி இருக்கு” என்றார். அந்தக் கட்டடத்தில் அவர்களுக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது.

விசாரணை அறை, பழைய பள்ளிக்கூட வகுப்பு போல இருந்தது. மரப்பெஞ்சுகள், சுழலுவதை விடச் சத்தம் அதிகம் போடுகிற மின்விசிறி. நீதிபதி ஒரு பெண், சின்னவளைவிட வயதில் இளையவர். வக்கீல் வைக்கவில்லையா என்று கேட்டார். வைக்கவில்லை அம்மா, நானே பேசுகிறேன் என்றாள். அப்படியானால் சாட்சியிடம் கேள்வி மட்டும் கேட்க வேண்டும், கதை சொல்லக் கூடாது, கோபப்படக் கூடாது என்று நீதிபதி சொல்லிக் கொடுத்தார். கம்பெனி வக்கீல் கோப்புகளை ஒரு சக்கர வண்டியில் தள்ளிக்கொண்டு வந்தார். சின்னவளின் காகிதங்கள் ஒரு தலையணை உறையில் இருந்தன. உறை இஸ்திரி போட்டது.

அவள் நீள நோட்டைக் கொடுத்தாள். ஐம்பத்தெட்டு வீட்டுத் துணி, தேதி வாரியாக, எந்த மூட்டையில் வந்தது என்று இருந்தது. கம்பெனி வக்கீல் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மரியாதையாகவே கேட்டார்.

“இந்த நூலை யார் தைச்சது?”

“நான்தான்.”

“இப்பவும் உங்க கையில ஊசி நூல் கொடுத்தா எந்தச் சட்டையில வேணும்னாலும் தைக்கலாம், இல்லையா?”

“தைக்கலாம்.”

“துணியில வேற அடையாளம் போடக் கூடாதுன்னு பதினாலாம் பிரிவு சொல்லுதே, படிச்சீங்களா?”

நாற்பத்திரண்டு பக்கத்தையும் வரி விடாமல் படித்தவளால் பொய் சொல்ல முடியவில்லை. படித்தேன் என்றாள். அவர் உட்கார்ந்துவிட்டார். ஒரே நிமிஷத்தில் அவளுடைய சாட்சியம் அவளுடைய குற்றமாகிவிட்டது. ஒப்பந்தத்தை முதலில் மீறியது இந்த அம்மாள்தான் என்று அவர் குறித்துக்கொள்ளச் சொன்னதை நீதிபதி குறித்துக்கொண்டார்.

ஆனாலும் சின்னவளுக்கு நம்பிக்கை இருந்தது. சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியவர் மேலாளர். அவருக்கு நூல் தெரியும். அவரே சட்டையைத் திருப்பி அடுக்கியவர்.

அவர் ஏறினார். அவள் துவைத்து, பெரியவள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அது. கழுத்துப் பட்டையைப் பார்த்ததும் பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் நூல் போடுவது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று சின்னவள் கேட்டாள். தெரியாது என்றார். சோதனைக்கு ஆள் வந்த அன்றைக்கு நீங்கள் என் கடையில் இருந்தீர்களா? இருந்திருக்கலாம், ஞாபகமில்லை. கவுண்டர் வைக்கப் போவது உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா? தெரியாது, வெளிப்பகுதிக் குடியிருப்புகளிலிருந்து வருகிறவர்களுக்காகத் தலைமையகம் ஆய்வு செய்து வைத்தது.

“மனுதாரரோட வாடிக்கையாளர்களை எடுக்கணும்னு யாருக்கும் எண்ணமில்லை” என்றார்.

மனுதாரர். பதில் சொன்ன நேரம் முழுவதும் அவர் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினார், அவள் முகத்தைப் பார்க்காமல், மின்விசிறிக்குச் சொல்வது போல. சின்னவளுக்கு அடுத்த கேள்வி மறந்துவிட்டது. கோபப்படக் கூடாது என்று சொல்லிக் கொடுத்த நீதிபதி, பேச்சு வராமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. வாய்தா போட்டுவிட்டார்கள்.

பஸ்ஸில் வரும்போது சின்னவள் ஒரே ஒரு தடவை பேசினாள். “நிஜமாவே மறந்திருப்பாரோக்கா?” தோற்பதைப் பற்றிக்கூட இவள் இன்னும் நினைக்கவில்லை, அவருக்குத் தப்பிக்க வழி தேடிக்கொண்டிருக்கிறாளே என்று பெரியவளுக்கு ஆத்திரமாக வந்தது.

வெளிப்பகுதிக்காகச் செய்ததாகச் சொன்ன அந்த ஆய்வை நீதிபதி தாக்கல் செய்யச் சொல்லியிருந்தார். மூன்று வாரம் கழித்து அதன் நகல் கடைக்கு வந்தது. நூற்றெழுபது பக்கம், வரைபடங்கள், வட்டங்கள், சதவீதங்கள். வேறு யாராக இருந்தாலும் முதல் ஐந்து பக்கத்தோடு மூடி வைத்திருப்பார்கள், அதைத்தான் கம்பெனியும் எதிர்பார்த்திருக்கும். கம்பெனி வக்கீலின் ஆட்களே அதைப் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இரண்டு பேரும் கடைக் கதவைச் சாத்தி, இஸ்திரி மேசையில் பரப்பி, அடிமட்டத்தை வைத்துப் படித்தார்கள். பாதி விளங்கவில்லை. விளங்காத வரியையும் படித்தார்கள்.

நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் சின்னவளின் விரல் நின்றது. அச்செழுத்து அங்கே முடிந்து, கையெழுத்து தொடங்கியிருந்தது. ‘பின்னிணைப்பு: இலக்கு வீடுகள்’ என்று மேலே தட்டச்சு செய்திருந்தார்கள். கீழே, கோடு போட்ட தாளில், சாய்வில்லாத வட்ட எழுத்தில்:

கணக்கு வாத்தியார் வீடு. திங்கள் காலை துணி போடுவார். நாய் கட்டியிருக்கும், பயம் வேண்டாம்.

பல் டாக்டரம்மா. வியாழன். வெள்ளைக் கோட்டுக்குக் கஞ்சி பிடிக்காது.

மாடி வீடு. மூன்றாம் படி உடைந்திருக்கிறது, பார்த்து ஏறவும்.

அது அவள் கையெழுத்து. ஏழு பக்கம், நூற்றுப் பதினெட்டு வீடு, ஒன்றுகூட விடவில்லை.

மூன்றாம் வருஷம் மேலாளர் கேட்டு எழுதிக் கொடுத்தது அது. சிறந்த கடைக்கான பட்டியலுக்கு உன் பெயரைச் சொல்லப் போகிறேன், வீடுகளின் முகவரி மட்டும் எழுதிக் கொடு என்றார். முகவரி மட்டும் கொடுத்தால் போதாது, வேலை தெரிந்தவள் என்று மேலிடத்துக்குத் தெரிய வேண்டும் என்று அவள்தான் கிழமையையும் பழக்கத்தையும் நாயையும் படியையும் சேர்த்தாள். கேட்டதைவிட நாலு மடங்கு கொடுத்தாள். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். அக்கா எழுத்துப் பிழை பார்த்தாள். அதை வைத்துத்தான் சூப்பர் மார்க்கெட் ஆட்கள் திங்கள் காலை வாத்தியார் வீட்டுக்கும், வியாழன் டாக்டரம்மா வீட்டுக்கும், உடைந்த படியைத் தாண்டி மாடி வீட்டுக்கும் போயிருக்கிறார்கள்.

“நானே வாசலைத் திறந்து விட்டுட்டேன்கா” என்றாள் சின்னவள்.

உன்னிடம் கேட்டு வாங்கியது யார் என்று பெரியவள் கத்தினாள். பக்கங்களின் மடிப்பை நீவக் கையில் எடுத்திருந்த இஸ்திரிப் பெட்டி மேசைத் துணியைக் கருக்கிவிட்டது. இருபது வருஷத்தில் அவள் ஒரு துணியைக் கருக்கியது அன்றைக்கு மட்டும்தான்.

அடுத்த வாய்தாவில் மேலாளரை மறுபடியும் கூண்டில் ஏற்ற வேண்டும் என்று சின்னவள் மனுக் கொடுத்தாள். ஓரம் சரியாக இருந்தது. எழுத்தர் ஒரே தடவையில் வாங்கிக்கொண்டார். கம்பெனி வக்கீல் ஆட்சேபம் சொன்னார். அவர்களே தாக்கல் செய்த ஆவணத்தில்தான் கேட்கிறேன் என்றாள் சின்னவள். நீதிபதி அனுமதித்தார்.

நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தைத் திறக்கச் சொன்னாள். கம்பெனி வக்கீலும் அப்போதுதான் திறந்தார். அவர் முகம் மாறியதைப் பெரியவள் பெஞ்சிலிருந்து பார்த்தாள்.

“இது யாரோட கையெழுத்துன்னு சாட்சிக்குத் தெரியுமா?”

மேலாளர் பக்கத்தைப் பார்த்தார். சொல்ல முடியாது, கள ஆய்வு செய்த பையன்கள் எழுதியிருக்கலாம் என்றார்.

“அப்ப கடைசிப் பக்கத்தில கடைசி வரியைப் படிங்க. சத்தமா.”

அவர் பக்கத்தைப் புரட்டினார். படிக்கவில்லை. நீதிபதி, படியுங்கள் என்றார். அவர் படித்தார்.

“‘நூற்றுப் பதினெட்டு. அண்ணன் வீடு. சனிக்கிழமை நாமே போய் எடுக்க வேண்டும். காசு வாங்கக் கூடாது.’”

நீதிபதி, இதில் அண்ணன் என்பது யார் என்று கேட்டார். கம்பெனி வக்கீல் எழுந்து எதையோ சொல்ல வந்தார். நீதிபதி கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, முகவரியைப் படியுங்கள், உங்கள் முகவரியையும் சொல்லுங்கள் என்றார்.

“நான்தான்” என்றார் மேலாளர்.

“இந்தப் பட்டியலை உங்களுக்குக் கொடுத்தது யாரு?” என்று சின்னவள் கேட்டாள். இந்த முறை கேள்வி மறக்கவில்லை.

அப்போதுதான் அவர் முதல் தடவையாக அவளைப் பார்த்தார்.

“நீதான், தங்கச்சி.”

அவளிடம் இன்னும் பதினாறு கேள்விகள் இருந்தன. எண் போட்டு எழுதி வைத்திருந்தாள். ஒன்றையும் கேட்காமல், அவ்வளவுதான் அம்மா என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

தீர்ப்பு இரண்டு மாதம் கழித்து வந்தது. பெட்டி என்று சொன்னாலும் மேசை என்று சொன்னாலும், துணி வாங்கினால் அது ஒன்பதாம் பிரிவை மீறியதுதான்; மனுதாரரின் பட்டியலை வைத்தே மனுதாரரின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்திருப்பதால் தெரியாமல் நடந்தது என்ற பேச்சுக்கு இடமில்லை; ஆகவே முப்பத்தோராம் பிரிவு அவரைக் கட்டாது. நூல் போட்டதும் தவறுதான் என்றாலும் அதனால் கம்பெனிக்குக் கெடுதல் எதுவும் காட்டப்படவில்லை. நஷ்டம் எவ்வளவு என்று மனுதாரர் சரியாக நிரூபிக்காததால் நஷ்டஈடு இல்லை. இயந்திரங்களையும் பலகையையும் கம்பெனி எடுத்துக்கொள்ளலாம்.

பெரியவள் தீர்ப்பின் நகலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எட்டாம் வகுப்போடு நின்றவள், வண்டியில் கோப்பு தள்ளிக்கொண்டு வந்தவரை வென்றிருக்கிறாள். எதிரே வந்தவர்கள் எல்லாரிடமும் சொல்ல வேண்டும் போலிருந்தது. வாயிற்காவலரிடம் சொல்லியும் விட்டாள்.

படிக்கட்டில் மேலாளர் நின்றிருந்தார். ஆள் இளைத்திருந்தார். தனக்கு வேறு வழியில்லை என்றும், மேலிடத்திலிருந்து நெருக்கடி என்றும், பட்டியலைக் கொடுத்தபோது இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை என்றும் சொன்னார். கம்பெனி தன்னையும் வேறு ஊருக்கு மாற்றிவிட்டது, பிள்ளைகள் படிப்பு நடுவில் இருக்கிறது. “என்னைத் தப்பா நினைக்காதே, தங்கச்சி” என்றார்.

சின்னவள் அவர் பேசி முடிக்கும்வரை நின்று கேட்டாள். பிறகு, “வழிவிடுங்க சார், பஸ் வந்துடும்” என்றாள்.

ஐந்து வருஷத்தில் அவள் அவரை சார் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் ஒதுங்கி நின்றார்.

கம்பெனிக்காரர்கள் வந்து இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். புருஷன் லாரியில் வரும்போது எங்கிருந்தோ இரண்டு பழைய இயந்திரங்களை ஏற்றி வந்தார். ஒன்று ஓடும்போது தரையில் நடக்கும், அதைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். திறந்த அன்றைக்கு ஏழு வீட்டுக்காரர்கள் வந்தார்கள். கணக்கு வாத்தியார் முதல் ஆள். அவர் இரண்டு பை கொடுத்துவிட்டு, தெரியாமல் செய்துவிட்டேன் என்று மூன்றாவது தடவையாக மன்னிப்புக் கேட்டார்.

பிற்பகலில், இஸ்திரி போட ஒன்றும் இல்லாத நேரத்தில், பெரியவள் வெகுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டாள். அந்தப் பதினாறு கேள்வியையும் கேட்டிருக்கலாமே, அந்த ஆளை நார் நாராகக் கிழித்திருக்கலாமே, ஏன் உட்கார்ந்துவிட்டாய்?

சின்னவள் ஆடுகிற இயந்திரத்தைக் காலால் அழுத்திக்கொண்டு நின்றாள்.

“அவர் தங்கச்சின்னு சொன்னாரில்லக்கா, அது பொய்யில்லை. நிஜமா தங்கச்சியா நினைச்சுக்கிட்டேதான் இதைப் பண்ணியிருக்கார். அதுக்கு மேல என்ன கேக்கறது?”

இயந்திரம் ஓடி முடிந்து நின்றது. சின்னவள் காலை எடுத்துவிட்டு, மூடியைத் திறந்து, ஈரத் துணிகளை ஒவ்வொன்றாக உதறி வாளியில் போடத் தொடங்கினாள்.